துணி போட்ட பெட்டி

பிப்ரவரி 3, திங்கள்

கடையைத் திறந்தேன். ஷட்டர் பாதியில் நின்றுகொண்டது. என் வீட்டுக்காரர் காலால் ஒரு தட்டுத் தட்டுவார், மேலே போய்விடும். நானும் தட்டிப் பார்த்தேன். கால் வலித்ததுதான் மிச்சம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து தூக்கிவிட்டார்.

இந்த டைரி அவர் பேருக்கு வந்தது. ஸ்பீக்கர் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் அனுப்புவான். ஆள் போய்ச் சேர்ந்தது கம்பெனிக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு என்ன எழுத வரும்? மகள்தான், யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேங்கறே, எழுதித் தொலைக்கவாவது செய்யேம்மா என்றாள். தொலைக்கிறேன்.

இன்று ஒரே ஒருத்தர் வந்தார். போன் சார்ஜர் இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். இவ்வளவு பெரிய கடையில் ஒரு சார்ஜர் இல்லையா என்று சிரித்துக்கொண்டே போனார்.

பிப்ரவரி 5, புதன்

தூசி துடைத்தேன். முன்பக்கம் கண்ணாடி அலமாரியில் ஆம்ப்ளிஃபயர்கள். பின்னால் கனமான கதவு, நடுவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதைத் தாண்டினால் பாட்டுப் போட்டுக் காட்டுகிற டெமோ ரூம். சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பலகை, தரையில் கம்பளம், எதிரே ஆள் உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் சத்தம் சரியாகக் கேட்குமாம். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தாலும் போச்சாம். அதற்காக நாலு காலையும் தரையோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார் மனுஷன். சனிக்கிழமையானால் பெரிய பெரிய ஆட்கள் அந்த நாற்காலிக்குச் சின்னப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொள்வார்கள். நான் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. டீயைக் கொண்டுபோய் வைப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவேன்.

ரூம் ஓரத்து ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் நீலத் துணி போட்டு மூடின பெட்டி. எதை வேண்டுமானாலும் தொடு, அதை மட்டும் தொடாதே என்பார். இப்போது தொட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் கை போகவில்லை. துணியின் மேல் இருந்த தூசியைக்கூடத் தட்டாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

வந்தார்கள். அவர் படுத்ததிலிருந்து நின்றுபோன சனிக்கிழமைக் கூட்டம். பல் டாக்டர், கேபிள், இன்னும் ரெண்டு பேர். கேபிள் என்பது அவர் வைத்த பேர். எதற்கும் வயரை மாற்று என்பதுதான் அந்த ஆளுக்குத் தெரிந்த வைத்தியம். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது, தலைமாட்டில் மெஷின் பீப் பீப் என்று அடித்ததைக் கேட்டு, வயர் மட்டம்க்கா என்று என் காதைக் கடித்தவர்.

அவர் காது மாதிரி வராது, அவர் மாதிரி யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு வாய். கேட்டுக்கொண்டேன். டீ போட்டேன். டெமோ ரூமைத் திறந்துவிட்டேன். ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லார் முகமும் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி ஆகிவிட்டது.

"என்னக்கா இது, காதைக் கீறுது" என்றார் கேபிள்.

கிணுகிணு சத்தமெல்லாம் ஊசி மாதிரி குத்துகிறதாம். வயராக இருக்கும் என்றார்கள். கரன்ட்டாக இருக்கும் என்றார்கள். பூட்டிக் கிடந்ததால் சுவர் ஈரம் குடித்திருக்கும் என்றார்கள். துணி போட்ட பெட்டி கரன்ட்டை வடிகட்டுகிற பெட்டியாம், அவரே கையால் செய்ததாம், அது இருப்பதால்தான் இந்த மட்டுமாவது கேட்கிறதாம். எனக்கு என்ன தெரியும்? ரேடியோவில் திருகுகிற மாதிரி திருகிக் குறைக்க முடியாதா என்று கேட்டுவிட்டேன். சிரித்தார்கள். திருகிக் கூட்டிக் குறைப்பதெல்லாம் பஸ்ஸில் பாட்டுப் போடுகிறவர்கள் சமாசாரமாம். இவர்கள் குமிழ் வைத்த செட்டைக் கையால்கூடத் தொடமாட்டார்களாம்.

பல் டாக்டர் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "எனக்கு நல்லாத்தான்ப்பா இருக்கு. எப்பவும் போல" என்றார்.

போகும்போது கேபிள் வாசலில் நின்று, அவர் போனதும் இந்த ரூமும் போயிடுச்சு என்றார். துக்கம் சொல்கிற மாதிரி சொன்னார். உண்மையில் அது, இனிமேல் இங்கே எதுவும் வாங்க மாட்டேன் என்பதற்கு ஒரு மரியாதையான வார்த்தை. எனக்கா புரியாது?

டம்ளர்களைக் கழுவினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கொழுந்தன் வந்தார். நல்லவர்தான். நல்லது சொல்கிறேன் என்று ஆரம்பித்தால்தான் எனக்குப் பயம். ஆன்லைனில் வாங்குகிற சாமான்களை வீட்டில் ஆள் இல்லாதவர்கள் வந்து எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று வேண்டும் என்று பார்சல் கம்பெனிக்காரர்கள் தேடுகிறார்களாம். நம் கடை மெயின் ரோட்டில் இருக்கிறதாம்.

"யாரு அண்ணி இப்ப கடைக்கு வந்து ஸ்பீக்கர் வாங்கறாங்க? அண்ணனுக்காக வந்தாங்க. அண்ணனே இல்ல."

வந்தார்கள், சரி. வாங்கினார்களா? அதை நான் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பரண் மேல் போட்டேன். ஒவ்வொரு தடவை கேன்சர் மருந்து ஏற்றும்போதும் அந்த நர்ஸ் ஒரே பாட்டைப் படிப்பாள். வாந்தி வரும், விரல் மரத்துப்போகும், வாய் கசக்கும், காதில் இரையும், சன்னமான சத்தம் பிடிபடாது, இருந்தால் சொல்லுங்கள். இவர், ஒண்ணும் இல்ல சிஸ்டர், ஜம்முனு இருக்கேன் என்பார். அவளும் சிரிப்பாள். எல்லாரையும் சிரிக்கவைப்பார்.

என்னிடம்தான் பேச்சே இல்லை.

கடைசி நாலைந்து மாசம். அடுப்படியிலிருந்து கூப்பிடுவேன், திரும்பமாட்டார். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எதிரே போய் நின்று கத்தினால் என் வாயையே பார்ப்பார், அப்புறம் ம் என்பார். நோயாளி என்று பொறுத்துக்கொண்டேன். உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கிற மத்தியானங்களில், கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டெமோ ரூமில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பார்த்தேன் ஒரு நாள். கண்ணாடி வழியாக. கதவைத் தட்டினேன். திரும்பவில்லை. வந்துவிட்டேன்.

என்னோடு உட்கார மிச்சம் இருந்ததே கொஞ்ச நாள். அதையும் அந்த மரப்பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரிப்பேர்க்காரரை வரவழைத்தேன். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தார், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது என்றார். துணி போட்ட பெட்டியைக் காட்டினேன். ஸ்டெபிலைசர்தானே, அது ஓடுது என்று விட்டுவிட்டார். பாட்டுப் போட்டதும் அவரும் முகத்தைச் சுளித்தார். ரூம் அப்படி ஆகியிருக்கும், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ரூம் அப்படி ஆகியிருக்குமாம். ரூமுக்கும் புருஷன் செத்துப்போனானா?

பிப்ரவரி 23, ஞாயிறு

மகள் போன். கொழுந்தன் அவளிடமும் பேசியிருக்கிறார். கடையில் நாலு மாடல் இருக்கும், நெட்டில் நானூறு இருக்கும், பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம், நடுவுல ஒரு கடை எதுக்கும்மா என்கிறாள். அவள் காலேஜில் படிக்கும்போதே காதில் மாட்டுகிற ஹெட்போனை ஆன்லைனில்தான் வாங்கினாள். அப்பா கடையில் இருந்ததே, அதையே. இவர் அதைப் பிரித்து, மாட்டிப் பார்த்து, நல்ல பீஸாத்தான் வந்திருக்கு என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இன்னும் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 1, சனி

யாரும் வரவில்லை. ஏன் என்று சாயந்திரம் தெரிந்தது.

பாட்டுக் கேட்பவர்கள் எல்லாரும் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் பல் டாக்டர் நீளமாக ஒன்று எழுதியிருக்கிறாராம். 'டீலர் இனி தேவையா?' என்று தலைப்பு. யாரோ மகளுக்கு அனுப்ப, அவள் போனில் படித்துக் காட்டினாள். வேண்டாம்மா என்றாள் முதலில். படி என்றேன்.

மறைந்த நண்பரை வணங்கி எழுதுகிறேன் என்று ஆரம்பம். அப்புறம் வணக்கம் எங்கே போனதோ. வீட்டைவிட நல்ல டெமோ ரூம் உலகத்தில் கிடையாதாம். கம்பெனியே வீட்டுக்கு அனுப்புகிறது, பிடிக்காவிட்டால் எடுத்துப் போகிறது, உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் சோதித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களாம். ரெண்டு வரி மட்டும் மகளைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

'அவருடைய அறையில் கேட்டுத்தான் என் காது பழகியது. பழகிய பிறகும் எதற்கு அந்த அறை? நல்ல மனிதர் என்பதற்காக அவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால் அது தர்மம், வியாபாரம் இல்லை.'

தர்மமாம். என் வீட்டுக்காரருக்கு இந்த டாக்டர் தர்மம் போட்டாராம். இந்த ஆள் வீட்டில் ஸ்பீக்கரை வைக்க, கம்பளத்தைச் சுருட்டி, கதவுத் திரையைக் கழற்றி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க முட்டிபோட்டு இங்கும் அங்கும் நகர்த்திவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். முட்டிக்கு நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். அதை நெட்டில் எவன் செய்வான்? அதையும் பெட்டியில் போட்டு அனுப்புவானா?

எல்லாரும் கைதட்டியிருக்கிறார்களாம் கீழே. கேபிள் முதல் ஆள்.

மார்ச் 2, ஞாயிறு

தூங்கவில்லை. கோபம் அவர்கள் மேலா, போய்ச் சேர்ந்த இவர் மேலா என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

டெமோ ரூமைப் பூட்டிவிட்டேன். அட்டையில் எழுதி ஒட்டினேன்: 'வாங்குபவர்கள் மட்டும் கேட்கலாம்.' என் கையெழுத்து கோணல்தான். புரிந்தால் போதும்.

கேபிள் வந்தார். அட்டையைப் படித்தார்.

"என்னக்கா, டிக்கெட் கிழிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"டீக்கும் சேர்த்துத்தான்" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். டாக்டர் எழுதினதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், அவர் பொதுவாக எழுதினார் என்றார். பொதுவாக எழுதினால் எங்கள் ரூம் எதற்கு அதில் வந்தது? அப்புறம், கடையை விடுகிறதாக இருந்தால் அந்தத் துணி போட்ட பெட்டியை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள், அது மாதிரி கரன்ட்டை வடிகட்டுகிற பெட்டி எங்கேயும் கிடைக்காது என்றார்.

இன்னும் பிணம் போர்த்தின துணியைத்தான் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

பல் டாக்டர் வந்தார். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறார். அட்டையைப் பார்க்காத மாதிரி நின்றார். அவர் தலை முழுசும் வெளுத்துவிட்டது. இப்போதுதான் கவனித்தேன்.

நெட்டில் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கிறார். உலகமே புகழ்ந்ததாம். வீட்டில் போட்டால் செத்த சத்தமாக வருகிறதாம். திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கினார். அதுவும் அப்படியே. இப்போது மூணாவது. "எல்லாப் பயலும் காசு வாங்கிக்கிட்டு எழுதறான்ம்மா. ஒண்ணுகூட நம்ம ரூம் மாதிரி இல்ல." ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். நம்ம ரூமாம்.

அவரே பேசிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் டாக்டர் வீட்டிலும் ஒரு கரன்ட் பெட்டி செய்து வைத்திருந்தாராம். அதெல்லாம் தேவையே இல்லை, சத்தத்தைக் கெடுக்கும் என்று நெட்டில் படித்து, டாக்டர் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாராம்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அது கரன்ட் பெட்டியே இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது இவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல் டாக்டருக்கு மேல் சத்தம், அந்தக் கிணுகிணு சத்தம், கேட்பதில்லை. வருஷக்கணக்காகப் பல்லைக் குடைகிற மெஷின் சத்தம் காதருகில். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார், சங்கீதம்தான் அவருக்கு உயிர். அதனால் ஒரு பெட்டி செய்து அதற்குள் குமிழ் வைத்தார். டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும், ஒவ்வொரு டக்குக்கும் கிணுகிணு சத்தம் கொஞ்சம் கூடும். நேராக இருந்தால் நல்ல காதுக்கு. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் இவர் குனிந்து மூணு டக். கேபிளுக்கு ஒண்ணு. குமிழ் என்றால் எட்டி உதைப்பார்கள், கரன்ட்டை வடிகட்டுகிறது என்றால் கும்பிடுவார்கள் என்று துணியைப் போட்டு மூடிவிட்டார். "கண்ணு மங்கினா கண்ணாடி போட்டுக்கறான். காது மங்கினா ஒத்துக்கவே மாட்டான். நான் போட்டு விடறேன், அவ்வளவுதான்" என்பார். நான் அப்போது சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் வாங்கினேன்.

டாக்டரிடம், சனிக்கிழமை வாங்க, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்க, ரூமைத் திறக்கிறேன் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

வரட்டும். எல்லார் முன்னாலும் துணியைத் தூக்கிக் காட்டுகிறேன். உங்கள் காது பழகிய லட்சணம் இது என்று சொல்கிறேன். டீலர் தேவையா என்று அப்புறம் எழுதட்டும்.

மார்ச் 15, சனி

காலையில் போய் முதல் வேலையாகத் துணியைத் தூக்கினேன். தூசி மூக்கில் ஏறியது. குமிழ் ஒரேயடியாகக் கடைசி வரைக்கும் திரும்பிக் கிடந்தது. அதற்கு மேல் போகாது. இதனால்தான் எல்லார் காதையும் கீறியிருக்கிறது. நான் அன்றைக்குக் கேட்டது சரிதான்.

ஆனால் யாருக்காக இது? பல் டாக்டருக்கே மூணுதான். அதற்கு மேல் யாருக்கும் அவர் சொன்னதில்லை. கை பட்டு நகர்கிற குமிழும் இல்லை, அழுத்தித் திருப்பினால்தான் நகரும். புரியவில்லை. நேராக வைத்தேன். துணியைப் போட்டேன்.

வந்தார்கள். அட்டையை நான் கிழித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேபிள் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டுப் போட்டேன். ரெண்டு வரி போனதும் கேபிள் எழுந்தே நின்றுவிட்டார். பழைய சத்தம் திரும்பிவிட்டது, ஈரம் காய்ந்துவிட்டது, நான்தான் சொன்னேனே என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அப்புறம் டாக்டரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அவர் கண்ணை மூடினார். திறந்தார். "செத்துப்போச்சே" என்றார். "கம்பளி போட்டுப் பொத்தின மாதிரி இருக்கே."

சிரித்தார்கள். போன தடவை எல்லாருக்கும் கீறினபோது உங்களுக்கு நல்லா இருந்தது, இன்றைக்கு எல்லாருக்கும் நல்லா இருக்கிறது, உங்களுக்குச் செத்துப்போச்சா என்று ஒருத்தர். "டாக்டர், வீட்டுக்குப் போய்க் காதைக் கழுவிட்டு வாங்க" என்று கேபிள்.

நான் பெட்டி இருந்த தட்டு ஓரமாக நின்றிருந்தேன். வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வார்த்தை நுனி நாக்கில் நின்றது.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர்கள் பேசப் பேச ஒவ்வொருத்தர் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, என்ன சொன்னார்கள் என்று புரிந்த மாதிரி தலையை ஆட்டி, ம் என்றார்.

அந்த முகம் எனக்குத் தெரியும். அதே முகம். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் வாயைப் பார்த்த முகம்.

ஐயோ.

கடைசி வரைக்கும் திருப்பி வைத்தது யாருக்காக என்று அப்போது தெரிந்தது.

குனிந்து, துணிக்குள் கையை விட்டேன். மூணு டக். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததில் யாருக்கும் கேட்கவில்லை. டாக்டர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "இதோ, இதோ. இதான்ப்பா. இதான்" என்றார். கேபிள் கொஞ்சம் முகம் சுளித்து, கரன்ட் ஏறி இறங்குகிறது என்றார். ஆமாம், இந்த ஏரியாவில் அப்படித்தான் என்றேன்.

டீ கொடுத்தேன். எல்லாரையும் அனுப்பினேன். ஷட்டரை இறக்கிவிட்டு முன்பக்கம் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

காது போச்சு என்று சொல்லியிருக்கக் கூடாதா? நர்ஸ் கேட்டாளே, ஒவ்வொரு தடவையும் கேட்டாளே. எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? ஊரார் காதுக்கெல்லாம் படி பார்த்துப் படி பார்த்துத் திருப்பி விட்டீங்களே. உங்க காதுக்கு ஒருத்தர் வேண்டாமா? நான் எதுக்கு இருந்தேன் அந்த வீட்டுல? டீ போடவா? கோபத்துல பேசாம இருக்கீங்கன்னு நானும் பேசாம இருந்தேனே. ரெண்டு பேரும் ஒரு வீட்டுல ஊமையா இருந்தோமே.

போங்க.

மார்ச் 20, வியாழன்

பல் வலி என்று சொல்லி டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். வலி ஒன்றும் இல்லை. ஆனால் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு சொத்தை இருக்கிறது என்றார். குடைந்தார். அந்த மெஷின் போடுகிற சத்தம் இருக்கிறதே, கொசு காதுக்குள் குடித்தனம் வந்த மாதிரி. இந்தச் சத்தம்தான் இவர் காதைத் தின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வாயைப் பிளந்து கிடந்தேன்.

கொப்பளித்துவிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது.

"டாக்டர், ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அனுப்பாதீங்க. அதுல ஒண்ணும் இல்ல. நீங்க போய்க் காதைக் காட்டுங்க."

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். பெட்டியைப் பற்றிச் சொன்னேன், குமிழைப் பற்றிச் சொன்னேன். கழற்றின கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அவருக்கு எப்ப இருந்தும்மா தெரியும்?"

"உங்களுக்கு வீட்டுல செட் வெச்சாரே. அதுக்கு முன்னாடியே."

"ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லமாட்டார். அவர் யார்கிட்டயும் சொல்லமாட்டார். நான் சொல்றேன்."

அவர் எழுதினதைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இந்தப் பக்கம் ரெண்டு நாள் கடிக்காதீர்கள் என்றார்.

மார்ச் 21, வெள்ளி

மரியாதைக்காகச் சொல்லாமல் விடுவது ஒரு பெரிய குணம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஸ்பீக்கர் கம்பெனி ஆள் பேசினான். அவர் பேரில் இருந்த டீலர்ஷிப் முடிந்ததாம். இனி கம்பெனியே நேரடியாக விற்குமாம், டெமோவுக்குக் கொடுத்த ஸ்பீக்கரை மட்டும் விட்டுவிடுகிறோம், பழசாகிவிட்டது என்றான். பெரிய மனசு. ஆள் இறந்த விஷயத்தைச் சொன்னேன். சாரி மேடம், சிஸ்டத்தில் அப்டேட் ஆகவில்லை என்றான்.

கொழுந்தனைக் கூப்பிட்டு, சரி என்றேன். முன்பக்கம் பார்சலுக்கு. பின் அறையில் யாரும் கை வைக்கக்கூடாது. "அந்த ரூம்ல ரேக் போட்டா நிறைய பார்சல் வைக்கலாம் அண்ணி" என்றார். ஒரு பார்வை பார்த்தேன். விட்டுவிட்டார்.

சாமான் வாங்க டீலர் வேண்டுமா என்றால் வேண்டாம்தான். டாக்டர் எழுதினது சரிதான். சாமான் எங்கே வாங்கினாலும் சாமான்தான். இவரும் சாமானை விற்கத் தெரியாத ஆள்தான். அவர் செய்தது வேறு ஒரு வேலை. அதற்குப் பேர் கிடையாது, அதனால் அதற்கு யாரும் விலையும் கொடுக்கவில்லை. எனக்கு அந்த வேலை தெரியாது. ரெண்டு பேர் காது எத்தனை டக் என்று தெரியும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது.

மே 3, சனி

பார்சல் கவுண்டரில் உட்காருகிறேன். போனில் வந்த நம்பரைக் காட்டுவார்கள், பெட்டியைத் தேடிக் கொடுப்பேன். இன்று கேபிள் வந்தார். நம்பரைக் காட்டினார். பெட்டி கைக்கு அடங்கினதாக இருந்தது, ஆனால் கனம். என்ன என்று நான் கேட்கவில்லை. "வயர்க்கா" என்றார் அவராகவே.

கையெழுத்துப் போடுங்க என்றேன்.

மே 24, சனி

பல் டாக்டர் வந்தார். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஷின், கண்ணாடிக் காம்போடு ஒட்டிக்கொண்டு. நான் பார்சல் சீட்டுகளைப் பிரித்து வைக்கிற சத்தத்துக்கே கண்ணைச் சுருக்கினார். பேப்பர் இவ்வளவு சத்தம் போடும் என்று மறந்தே போச்சும்மா என்றார். வீட்டம்மா வளையல் போட்டுக்கொண்டு நடந்தால் எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரிகிறதாம்.

அவருக்குப் பார்சல் ஒன்றும் இல்லை. டெமோ ரூமைக் காட்டி, உட்காரலாமா என்று கேட்டார். திறந்துவிட்டேன். குமிழை நேராக வைத்துவிட்டுப் பாட்டுப் போட்டேன், அவர் பார்க்கவே வைத்தேன். துணியை மடித்து ஓரமாகப் போட்டுவிட்டேன், இனி அது எதற்கு. அவர் முழுப் பாட்டும் கேட்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து, பாட்டுக்கு நடுவில் பாடுகிற அம்மா மூச்சு இழுப்பது கேட்கிறது என்றார். குரூப்பில் எழுதப்போகிறேன் என்றார். எழுத வேண்டாம் என்றேன். பெட்டியை விலைக்குக் கேட்டார். கொடுப்பதற்கில்லை என்றேன்.

டாக்டர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவையாக. சின்ன நாற்காலிதான், என் வீட்டுக்காரர் அளவுக்கு. அப்புறம் எழுந்து போய்க் குமிழைத் திருப்பினேன். டக், டக், டக். இன்னும் திருப்பினேன். கடைசியில் போய் முட்டி நின்றது. வந்து உட்கார்ந்தேன்.

காதைக் கீறியது. பல் கூசியது. இதிலும் உங்களுக்கு எவ்வளவு கேட்டிருக்கும்? கொஞ்சமா, ஒண்ணுமே இல்லையா?

பாட்டு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நடுவில் கவுண்டரிலிருந்து கொழுந்தன் கூப்பிட்டார், அண்ணி, அண்ணி என்று ரெண்டு தடவை. கண்ணாடியையும் தட்டினார்.

கேட்டது. திரும்பவில்லை.